ராஜபாளையம் குட்டி: ஊர் வளர்ப்பாளரா, நகரத்துக் கென்னலா?

ராஜபாளையம் இன நாய்க்குட்டி வேண்டுமென்று விசாரிக்கத் தொடங்கினால் மூன்று வகை ஆட்கள் எதிர்ப்படுவார்கள். முதல் வகை, ராஜபாளையத்தைச் சுற்றியுள்ள தோப்புகளிலும் வீடுகளிலும் இரண்டு மூன்று நாய்களை வைத்துக்கொண்டு எப்போதாவது ஓர் ஈத்துக் குட்டிகளை விற்பவர்கள். அடுத்த வகை, பெரிய நகரங்களை ஒட்டி கே.சி.ஐ. (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பதிவோடு கண்காட்சி நாய்களை வளர்க்கும் கென்னல்காரர்கள். கடைசி வகை, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, பணம் வந்ததும் குட்டியைக் கூடையில் வைத்து ஆம்னி பஸ்ஸில் ஏற்றிவிடும் தரகர்கள்.

தரகரை முதலிலேயே கழித்துவிடலாம். அவரிடம் தாய் நாய் இருக்காது. வயதும் நம்பும்படி இருக்காது. ஐந்து வாரக் குட்டியைக் காட்டி இரண்டு மாதம் என்பார்கள். குடலைத் தாக்கும் பார்வோ கிருமி உடலுக்குள் புகுந்த சில நாட்கள் குட்டி நன்றாகத்தான் ஓடித் திரியும். வாந்தியும் ரத்தக் கழிச்சலும் தொடங்கும்போது குட்டி உங்கள் வீட்டில் இருக்கும், தரகர் போனை எடுக்க மாட்டார். விலை குறைவு என்பதற்காகக்கூட இந்த வழியைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மையான போட்டி மற்ற இருவருக்கும் இடையில்தான்.

நாம் வாங்கப்போவது எப்படிப்பட்ட நாய் என்பதில் இருவரையும் ஒப்பிடுவது தொடங்குகிறது. வளர்ந்த கடுவன், அதாவது ஆண் நாய், 65 முதல் 75 செ.மீ. உயரம் நிற்கும். காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் பழகிய வம்சம். வீட்டில் ஒருவரோடு ஒட்டிக்கொள்ளும், அந்நியரை எளிதில் ஏற்காது. இப்படிப்பட்ட நாயின் குணம் கோணினால் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஆபத்து. ஆகவே நிறத்தையும் மூக்கையும் பார்ப்பதற்கு முன்னால் தாயைப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் ஊர் வளர்ப்பாளரிடம் ஒரு பெரிய அனுகூலம் உண்டு. அவருடைய நாய் வேலையில் இருக்கிறது. நீங்கள் தோப்புக் கேட்டில் நின்றதும் அது குரைத்துக்கொண்டு வரும். அவர் ஒரு சொல் சொன்னதும் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். குரைப்பை நிறுத்தி, உங்களுக்கும் அவருக்கும் நடுவில் நின்று, கண்ணை எடுக்காமல் பார்த்தால் அது நல்ல காவல் நாய். வாலை ஒடுக்கிக்கொண்டு பின்னால் போய் நின்று, நீங்கள் திரும்பியதும் கால் பக்கம் பாய்ந்தால் அது பயத்தில் கடிக்கும் நாய். அதன் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். பயந்த சுபாவம் வம்சத்தில் இறங்கும், குட்டி தாயைப் பார்த்தும் அதைக் கற்றுக்கொள்ளும்.

கென்னலில் இந்தக் காட்சி கிடைப்பது கடினம். கம்பிக்குள் இருக்கும் நாய்கள் யார் வந்தாலும் ஒரே மாதிரி குரைக்கும், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. தாயைச் சங்கிலியில் வெளியே அழைத்து வரச் சொல்லுங்கள். குட்டி போட்ட முதல் இரண்டு மூன்று வாரம் “கிட்டப் போனா கடிச்சிடும்” என்பதில் நியாயம் இருக்கிறது. ஆறு வாரக் குட்டிகளின் தாயை அதே காரணம் சொல்லி மறைத்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். இன்னொன்றும் உண்டு. குட்டி மூன்று வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை எதைப் பார்த்து வளர்கிறதோ அதுதான் அதற்குப் பயமில்லாத உலகம். மிக்ஸி சத்தம், குழந்தைகள், மாடு, டூவீலர் எல்லாம் ஊர் வீட்டில் தானாகவே அமைந்துவிடுகின்றன. சிமெண்ட் கூண்டில் இவற்றை யாராவது மெனக்கெட்டுப் பழக்க வேண்டும். சில கென்னல்காரர்கள் குட்டிகளை வீட்டுக்கூடத்தில் வைத்தே வளர்க்கிறார்கள். அப்படிப்பட்டவரைக் கண்டால் என் பாதித் தயக்கம் போய்விடும்.

அடுத்தது காது. இந்த இனத்தில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். பால் வெள்ளை உடம்பும் ரோஸ் நிற மூக்கும் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததால் நிறமி குறைந்துகொண்டே வந்திருக்கிறது. தோலுக்கு நிறம் கொடுக்கும் அதே வகை செல்கள் உள்காதிலும் இருந்தால்தான் கேட்கும் நரம்புமுனைகள் பிழைக்கும். அவை இல்லாத குட்டிக்குப் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் அழிந்துவிடும். கறுப்புப் புள்ளிகள் கொண்ட வெள்ளை நாய் இனமான டால்மேஷனிலும் இதே கதைதான். அமெரிக்காவில் நடந்த சோதனைகளில் ஏறத்தாழ 100-க்கு 30 டால்மேஷன்களுக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லை. பிறக்கும்போதே பெரிய கறுப்புத் திட்டு உள்ள குட்டிகளில் இந்தக் குறை குறைவு, ஆனால் கண்காட்சி விதி அந்தத் திட்டைத்தான் குறை என்கிறது. நம் ஊரிலும் வாங்குபவர்கள் “முழு வெள்ளையா இருக்கா?” என்றே கேட்கிறோம். இந்தக் குறைக்கு நாமும் பொறுப்பு.

காது விஷயத்தில் இரு தரப்பும் தடுமாறுகிறது. ஊர்க்காரர் சிலர் “எங்க ஈத்துல செவிடே வந்ததில்ல” என்பார்கள். வராமல் இருந்ததா, வந்ததைச் சத்தமில்லாமல் ஒதுக்கினார்களா என்பது வெளியே தெரியாது. கென்னல்காரரோ சான்றிதழை நீட்டுவார், அதில் காதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. “போன ஈத்துல ரெண்டு குட்டிக்குக் கேக்கல, அதனால அந்தக் கடுவனோட மேட்டிங்கை நிறுத்திட்டேன்” என்று தானாகச் சொல்பவர் கிடைத்தால், அவர் தோப்பில் இருந்தாலும் நகரத்தில் இருந்தாலும் அவரிடம் வாங்குங்கள்.

நீங்களே ஓரளவு பார்க்கலாம். ஆறு வாரத்துக்கு மேல் ஆன குட்டியை உடன்பிறப்புகளிடமிருந்து பிரித்துத் தனி அறையில் தூங்க விடுங்கள். கூட இருந்தால் மற்றவை எழுவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் எழுந்துவிடும். அதன் பார்வையில் படாமல், காற்றும் அதிர்வும் படாத தூரத்திலிருந்து சாவிக்கொத்தை ஆட்டுங்கள். இரண்டு காதும் கேட்காத குட்டி இதில் தெரிந்துவிடும். ஒரு காது மட்டும் கேட்காததை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. அதற்குக் கைக்குழந்தைகளுக்கு மருத்துவமனையில் எடுப்பது போன்ற, சத்தத்துக்கு மூளை எதிர்வினை தருகிறதா என்று அளக்கும் பெரா சோதனை வேண்டும், நாய்களுக்கு அது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

இனி பேப்பர். இதில் கென்னல்காரர் முன்னால் நிற்கிறார், அதை மறுக்கக் கூடாது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் குட்டியின் வம்சாவளியைச் சொல்கிறது. தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்த்தாலே நெருங்கிய ரத்தத்தில் மேட்டிங் நடந்ததா என்று தெரிந்துவிடும். ஊரில் “வடக்குத் தோப்புக் கடுவனோட விட்டோம்” என்பார்கள், அந்தக் கடுவன் தாயின் கூடப்பிறந்ததாகவே இருக்கலாம். சின்ன வட்டாரத்துக்குள் சுற்றிவரும் இனத்தில் இது சாதாரணக் குறை அல்ல. அதே நேரம் அந்தச் சான்றிதழ் சொல்வது முன்னோர் யார் என்பதை மட்டுமே. குணத்துக்கோ ஆரோக்கியத்துக்கோ அது உத்தரவாதம் இல்லை.

சட்டம் இருவருக்கும் பொது. 2017-ல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி விற்பனைக்காகக் குட்டி எடுப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. 18 மாதம் ஆகாத பெட்டையையும் எட்டு வயது தாண்டியதையும் இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. ஒரு பெட்டைக்கு ஆண்டுக்கு ஓர் ஈத்துதான், ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. “ரெண்டு நாய் வெச்சிருக்கோம், எங்களுக்கு எதுக்கு பதிவு?” என்று கேட்கும் ஊர்க்காரருக்காக நான் பரிந்து பேச மாட்டேன். பதிவு எண்ணைக் கேளுங்கள். கென்னலில் தாயின் மடியைப் பாருங்கள். அடுத்தடுத்து ஈன்ற பெட்டையின் மடி தொங்கியும் விலா எலும்பு துருத்தியும் இருக்கும், அதை எந்தச் சான்றிதழாலும் மறைக்க முடியாது.

விற்ற பிறகு என்ன என்பதிலும் வேறுபாடு உண்டு. ஊர்க்காரர் பெரும்பாலும் எதையும் எழுதித் தர மாட்டார், ஆனால் போன் செய்தால் எடுப்பார், பல வருடம் கழித்தும் நாயைப் பெயர் சொல்லி விசாரிப்பார். கென்னல்காரர் மைக்ரோசிப் எண், தடுப்பூசி அட்டை, ரசீது எல்லாம் தருவார். இருவரிடமும் நான் எதிர்பார்ப்பது ஒரே ஒரு வாக்கு: உங்களால் வளர்க்க முடியாமல் போனால், எந்த வயதிலும் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வது. முடிந்தால் அதை எழுதி வாங்குங்கள். அதோடு, உங்களைக் கேள்வி கேட்காத வளர்ப்பாளரை நம்பாதீர்கள். காம்பவுண்டுச் சுவர் எவ்வளவு உயரம், பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், இதற்கு முன் பெரிய நாய் வளர்த்திருக்கிறீர்களா என்றெல்லாம் அவர் கேட்க வேண்டும். அபார்ட்மெண்ட் என்றதும் “குட்டி தர மாட்டேன்” என்பவர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார்.

தோட்டமோ சுற்றிலும் இடமுள்ள வீடோ இருப்பவர்களுக்கு என் தேர்வு ஊர் வளர்ப்பாளர்தான். பதிவு இருக்க வேண்டும், தகப்பன் யாரென்று நாயையே கூட்டிவந்து காட்ட வேண்டும், காதைச் சோதிக்கச் சம்மதிக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கென்னல் பக்கம் திரும்புவேன். நகரத் தெருவில், ஆள் நடமாட்டத்துக்கு நடுவே வளர்க்கப் போகிறவர்களுக்கு, குட்டிகளை வீட்டுக்குள் வளர்க்கும் கென்னல் பொருத்தம்.

இரண்டில் எதுவானாலும் முன்பணத்தைக் குட்டி பிறந்த அன்றே கொடுக்காதீர்கள். ஆறாவது வாரம் நேரில் போய், தாயைப் பார்த்து, காதைச் சோதித்து, அதன் பிறகு கொடுங்கள். எட்டு வாரம் முடிந்ததும் நீங்களே போய் மடியில் வைத்துக் கூட்டி வாருங்கள்.