குங்ஃபூ கற்கச் சீனாவுக்கு அனுப்புகிறோம் என்று யாராவது சொன்னால்

வளைகுடா வேலைக்குப் பணம் கட்டி ஏமாந்த கதை குமரி மாவட்டத்தில் ஊருக்கு ஊர் உண்டு. அதனால் வேலை என்றால் நம்மவர்கள் உஷாராகிவிடுவார்கள். ஏஜெண்டுக்கு உரிமம் இருக்கிறதா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடிப் பார்ப்பார்கள். ஆனால் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்களுக்குத்தான். பயிற்சிக்கு அனுப்புகிறேன் என்பவரிடம் அந்த உரிமத்தைக் கேட்க வழியில்லை. மார்த்தாண்டத்தில் எனக்கு வாய்த்த ஏஜெண்ட் அந்தச் சந்தில்தான் கடை விரித்திருக்கிறார்.

சிறுவயது முதல் எங்கள் பக்கத்துத் தற்காப்புக் கலையான அடிமுறை பழகியவன் நான். குங்ஃபூவுக்குப் பெயர்போன ஷாவோலின் கோயிலின் பெயரைக் கேட்டாலே மனம் தாவும் என்பது அவருக்குத் தெரியும். போதிதர்மர் காஞ்சியிலிருந்து போய்ச் சீனர்களுக்குக் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லப்படும் கதையைக் கூடவே போய்ப் பார்த்தவர் போல விவரித்தார். விசா என்ன வகை என்ற கேள்விக்கு மட்டும் "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற பதில். மூன்று மாதப் பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு, உடனிருக்கும் மொழிபெயர்ப்பாளர், கோயில் துறவிகள் கையால் சான்றிதழ், எல்லாம் சேர்த்து 3,20,000 ரூபாய். "மொழியைப் பற்றிக் கவலையே வேண்டாம் தம்பி. ஏதாவது சிக்கல் என்றால் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள்." சீனாவில் வாட்ஸ்அப், கூகுள் இரண்டுமே முடக்கப்பட்டவை. இது தெரியாமல் ஒருவர் சீனாவுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது.

ஹெனான் மாகாணத்தில் சோங்ஷான் மலையடிவாரத்தில் இருக்கிறது டெங்ஃபெங் நகரம். கி.பி. 495இல் எழுந்த ஷாவோலின் கோயில் அதன் அருகில்தான். ஆனால் அந்த வட்டாரத்தில் ஷாவோலின் பெயரைத் தாங்கிய தனியார் பள்ளிகள் ஏராளம். என்னைச் சேர்த்தது அப்படி ஒன்றில். கோயிலை நான் பார்த்தது மற்ற சுற்றுலாப் பயணிகளைப் போல டிக்கெட் எடுத்துத்தான்.

பயிற்சியில் குறை சொல்ல மாட்டேன். மாபு என்று குதிரை மேல் அமர்ந்தது போன்ற ஒரு நிலை. அதில் நிற்க வைத்துவிட்டு மாஸ்டர் சுற்றி வருவார். என் குதிகால் வெளியே விலகினால் மூங்கில் கழியால் அதை இரண்டு தட்டுத் தட்டுவார். முழங்கால் உள்ளே சரிந்தால் தன் காலை வைத்து நெட்டித் தள்ளுவார். இடுப்பு உயர்ந்துவிட்டதென்றால் தோள் இரண்டையும் பிடித்து அழுத்துவார். ஊரில் அடிமுறை ஆசான் சுவடு, அதாவது காலடி வைப்பு, திருத்துவதும் ஏறக்குறைய இப்படித்தான், அவர் வாயால் திட்டவும் செய்வார் என்பதைத் தவிர. களத்தில் மொழி தெரியாதது எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

அலுவலக அறையில்தான் அது கழுத்தை அறுத்தது. மொழிபெயர்ப்பாளர் என்று வந்த இளைஞர் முதல் நாள் என் பாஸ்போர்ட்டை நகலெடுத்துக் கொடுத்துவிட்டுப் போனவர்தான், மறுபடி தலைகாட்டவில்லை. கையெழுத்துப் போட்ட தாள்கள் அத்தனையும் சீனத்தில். சிவப்பு முத்திரை குத்திய ரசீதில் எனக்குப் புரிந்தவை எண்கள் மட்டும்: ஒரு மாதத்துக்கு 6,000 யுவான். நம் பணத்தில் ஏறக்குறைய முக்கால் லட்சம். மீதி இரண்டு மாதத்துக்குப் பள்ளிக்கு ஒரு காசும் வந்து சேரவில்லை.

விசாவும் அதே லட்சணம். படிக்கப் போகிறவர்களுக்குச் சீனா தருவது எக்ஸ் விசா: 180 நாள் வரையான படிப்புக்கு எக்ஸ்2, அதற்கு மேல் எக்ஸ்1. இரண்டுக்கும் அங்குள்ள கல்வி நிறுவனத்தின் சேர்க்கைக் கடிதம் வேண்டும். எனக்கு எடுத்திருந்ததோ 30 நாள் சுற்றுலா விசா. கெடு தாண்டித் தங்கினால் நாளொன்றுக்கு 500 யுவான், அதிகபட்சம் 10,000 யுவான் அபராதம். காவலில் வைக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. கைக்காசில் புது டிக்கெட் எடுத்துத் திருவனந்தபுரம் வந்து இறங்கினேன்.

"நீங்களாகப் பாதியில் திரும்பினால் பணம் கிடைக்காது தம்பி" என்கிறார் ஏஜெண்ட், முகம் கோணாமல்.

இன்னொன்று. இந்தச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை உறுதி என்றும் அவர் சொல்லி வருகிறார். தமிழக அரசின் 3 சதவீத ஒதுக்கீடு போட்டிகளில் சாதித்தவர்களுக்கு. எங்கோ பயிற்சி பெற்றதற்கான தாளைக் காட்டி அதில் நுழைய முடியாது. மகனுக்கு வேலை கிடைக்குமென்று நகையை அடகு வைக்கக் கிளம்பும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பாதிப்பு நேர்ந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஏஜெண்டின் அடுத்த குழு தாய்லாந்துக்கு அந்நாட்டுக் குத்துச்சண்டையான முவே தாய் கற்கப் போகிறதாம், அதற்கும் மொழிபெயர்ப்பாளர் உண்டாம். முன்பணம் கட்டியவர்கள் விசா வகையையும் பள்ளியின் பெயரையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பள்ளிக்கு நீங்களே மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் பெயரில் எத்தனை மாதக் கட்டணம் வந்திருக்கிறது என்று விசாரியுங்கள். பதில் வரும்வரை மீதித் தொகையைக் கொடுக்காதீர்கள்.