மரக் கேனோபிக்குள் எந்த விளக்கு, எந்த ஃபேன்? சென்னை வெயிலை வைத்து ஓர் ஒப்பீடு

நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சென்னை வீட்டு ஹால்களில் அடிக்கடி கண்ணில் படும் மீன் தொட்டி இந்த அளவுதான். மேலே கொஞ்சம் இடம் விட்டு நிரப்பினால் சுமார் 230 லிட்டர் பிடிக்கும். அதன் தலையில் ஒரு மரக் கேனோபி, அதாவது விளக்கை உள்ளே வைக்கும் மூடிப்பெட்டி, ஏறியதும் தொட்டிக்கு அலமாரியின் அழகு வந்துவிடுகிறது. கூடவே, தண்ணீருக்கு மேலே ஒரு மூடிய அறையும் வந்துவிடுகிறது. மரம் சூட்டைக் கடத்தாது. உள்ளே எரிகிற விளக்கின் வெப்பத்துக்குப் போக வழி வேண்டும். வழி இல்லையென்றால் அது தண்ணீரில்தான் இறங்கும்.

என் தொட்டியில் முதலில் இருந்தவை 54 வாட் டி5 குழல்கள் (ஒல்லியான டியூப்லைட்) இரண்டு. செடிகள் நன்றாக வளர்ந்தன, குறை சொல்ல முடியாது. ஆனால் சோக்கையும் பெட்டிக்குள்ளேயே திருகியிருந்தேன், பின்பக்கம் ஒயர் போக ஒரு சின்ன ஓட்டை மட்டும்தான். கத்திரி வெயிலில் ஒரு மாலை வீட்டுக்கு வந்து பார்த்தால் தண்ணீர் 33 டிகிரியைத் தாண்டியிருந்தது. ஐந்து ஏஞ்சல் மீன்களும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. அன்று இரவே ஒன்று போய்விட்டது. தண்ணீர் 25 டிகிரியில் இருந்தால் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும், 32 டிகிரியில் 7.3 தான். சூட்டில் மீனின் உடல் கேட்கும் ஆக்சிஜனோ கூடுகிறது. அந்த மாலைக்குப் பிறகுதான் இந்தக் கணக்கெல்லாம் போட்டுப் பார்த்தேன்.

இரண்டு டி5 குழல்கள் 8 மணி நேரம் எரிந்தால் 0.86 யூனிட். அந்த வெப்பம் முழுவதும் தண்ணீரில் இறங்கினால் 230 லிட்டர் 3.2 டிகிரி சூடேறும். 40 வாட் எல்இடிக்கு அதே கணக்கு 1.2 டிகிரி. முழுதும் இறங்காது என்பது உண்மைதான், ஒரு பங்கு ஹாலுக்குப் போய்விடும். ஆனால் விளக்கு போடாமலே தண்ணீர் 31 டிகிரியில் நிற்கும் மே மாதத்தில், இந்த இரண்டு டிகிரி வித்தியாசம் மீனுக்கு உயிர்ப் பிரச்சினை.

பழைய தடிமனான டி8 டியூபைப் பற்றி நீட்ட வேண்டாம். 36 வாட் டியூபோடு செம்புச் சோக்கும் சேர்ந்து சூடாகும், வெளிச்சம் குறைவு. வீட்டில் சும்மா கிடக்கிறது என்பதற்காக மட்டும் மாட்டலாம். மெட்டல் ஹாலைடு என்ற பெரிய பல்பைப் பொறுத்தவரை என் பதில் தெளிவானது: மூடிய மரப்பெட்டிக்குள் வேண்டவே வேண்டாம். 150, 250 வாட் ஒரே புள்ளியிலிருந்து வருகிறது, பல்பின் மேல்பரப்பே சில நூறு டிகிரி இருக்கும். பவளத்துக்கு அது தரும் மினுமினுப்பு அழகானதுதான். அது வேண்டும் என்பவர்கள் பெட்டியை விட்டுவிட்டு, விளக்கைத் திறந்தவெளியில் கம்பியில் தொங்கவிடட்டும்.

மிச்சம் இருப்பவை டி5யும் எல்இடியும். டி5க்கு ஒரு நல்ல குணம் உண்டு: அதைச் சுற்றியுள்ள காற்று 35 டிகிரி வாக்கில் இருக்கும்போதுதான் முழு வெளிச்சம் தரும், அதனால் நம் ஊர்ச் சூடு அதைப் பெரிதாகப் பாதிக்காது. வெளிச்சமும் தொட்டி முழுக்க ஒரே சீராகப் பரவும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒளி வீசுவதால் ரிஃப்ளெக்டர் தேவை, உள்ளே பாதரசம் இருக்கிறது, உப்புத் தெறிப்பில் இரு முனைகளிலும் துரு ஏறும்.

எல்இடியில் ஒளி கீழே போகிறது, சூடு முதுகுப் பக்கம் வருகிறது. அந்த முதுகை எதில் பொருத்துகிறோம் என்பதில்தான் ஆயுள் இருக்கிறது. ஸ்ட்ரிப்பை நேராக மரத்தில் ஒட்டினால் சூடு போக இடமில்லாமல் சில மாதங்களில் மங்கத் தொடங்கும். அலுமினியச் சேனலில் ஒட்டி, அந்தச் சேனலை மரத்திலிருந்து அரை அங்குலம் தள்ளித் திருகினால் பின்னாலும் காற்று ஓடும். வெறும் மீன்கள் மட்டும் என்றால், கடையில் கிடைக்கும் 20 வாட் எல்இடி பேட்டன் இரண்டே போதும். ஆனால் அது ஈரத்துக்காகச் செய்ததல்ல, உள்ளே நீராவி புகுந்துவிடும். தண்ணீர் புகாதது என்பதற்கான ஐபி67 முத்திரை உள்ள எல்இடி பட்டைக்கு விலை கூடுதல்தான், ஆனாலும் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன். எல்இடிக்குக் கரண்டை மாற்றித் தரும் டிரைவர், அடாப்டர் எதுவும் பெட்டிக்குள் வேண்டாம். அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

அடுத்தது ஃபேன். காற்றை உள்ளே தள்ளுவதா, வெளியே உறிஞ்சுவதா? பலரும் யோசிக்காமல் உறிஞ்சுகிற மாதிரியே மாட்டிவிடுகிறார்கள். டி5 உள்ள பெட்டியில் அதற்கு நியாயம் உண்டு: சூடான காற்று மேலே தங்கும், உச்சியில் ஒரு ஃபேன் இருந்தால் அதை வெளியேற்றிவிடும். ஆனால் அந்த ஃபேன் இரவும் பகலும் நீராவியைக் குடித்துக்கொண்டே சுற்ற வேண்டியிருக்கிறது. கடல்நீர்த் தொட்டி என்றால் உப்பும் சேரும். முதலில் சத்தம் வரும், அப்புறம் ஒருநாள் நின்றுவிடும். உள்ளே தள்ளும் ஃபேனுக்கு பெட்டிக்குள் இருப்பதைவிட உலர்ந்த ஹால் காற்றுதான் கிடைக்கிறது, அதனால் நீண்ட நாள் உழைக்கிறது. காற்றும் நேராகத் தண்ணீரின் மேல் படுகிறது. குளிர்ச்சி வருவது அங்கேதான், மண்பானைத் தண்ணீர் குளிர்வது மாதிரி.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது தன்னோடு எடுத்துப் போகும் வெப்பத்தை நாள் முழுதுக்கும் பரப்பினால் 28 வாட் வருகிறது. என் தொட்டியில் மே மாதத்தில் நாளுக்கு மூன்று லிட்டர் வரை குறைகிறது. அதாவது, மூன்று வாட் தின்னும் ஒரு 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் 80 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியே அனுப்புகிறது. எல்இடி பெட்டிக்கு என் தேர்வு இதுதான்: இடப்பக்கப் பலகையில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கீழ்நோக்கிச் சாய்ந்த ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன். வலப்பக்கம் பின்னால், உயரத்தில், அதைவிடப் பெரிய திறப்பு. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் இந்த ஃபேன் எளிதாகக் கிடைக்கும். 9 வோல்ட் அடாப்டரில் ஓட்டினால் சத்தமும் அடங்கும்.

இந்த முறைக்கும் விலை உண்டு. வேலூரின் உலர்ந்த வெயிலில் மண்பானை குளிரும் அளவுக்குச் சென்னையில் குளிராது. காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் இங்கே இரண்டு, மூன்று டிகிரி இறங்கினாலே பெரிது. ஆவியாவது வெறும் தண்ணீர்தான், உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்ததைப் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் கடினத்தன்மை ஏறும், அதனால் ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் கண்ணாடி மூடி இருந்தால் ஃபேன் இருந்தும் பயனில்லை. மீன் துள்ளும் என்ற பயம் இருந்தால் வலை போடுங்கள். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் மூன்று அங்குலமாவது விடாவிட்டால் சுவர் பூத்துவிடும்.

ஐஸ் பாட்டிலை மிதக்கவிடும் பழக்கத்தைக் கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போகும் நண்பர்கள் பலர் சொல்வார்கள். ஒரு லிட்டர் பாட்டில் முழுதும் உருகினாலும் 230 லிட்டர் தொட்டியில் அரை டிகிரி இறங்குவதே அபூர்வம். கரண்ட் இல்லாத மதியத்துக்கு அது அவசர உதவி, அவ்வளவுதான். தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரமான சில்லர் வேறு விஷயம். பவளம் வளர்ப்பவர்களுக்கும், தண்ணீர் 26 டிகிரியைத் தாண்டவே கூடாது என்பவர்களுக்கும் அதற்கு மாற்று இல்லை. விலை அதிகம், கரண்ட் பில்லும் ஏறும், தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை ஹாலிலேயே கொட்டும். ஏஞ்சல், கப்பி, டெட்ரா வளர்க்கும் வீட்டில் அந்தச் செலவுக்கு முன் விளக்கு நேரத்தை மாற்றிப் பாருங்கள். மதியம் அணைத்து, மாலை 5 முதல் இரவு 11 வரை எரியவிட்டால், விளக்கின் சூடும் வெயிலின் சூடும் ஒரே நேரத்தில் சேராது.

எதை மாட்டினாலும், ஒயர் பிளக்குக்குப் போகுமுன் கீழே ஒரு வளைவாகத் தொங்கட்டும், வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். அந்த லைனில் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கட்டும். பெட்டிக்கு ஈரம் தாங்கும் ஐஎஸ் 710 மெரைன் ப்ளைவுட் கேளுங்கள், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை ஒரு மழைக்காலத்திலேயே ஊதிவிடும். ஃபேன் ஓட்டையையும் காற்றுத் திறப்பையும் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே வெட்டச் சொல்லுங்கள். பிறகு வெட்டினால் பூச்சில்லாத அந்த விளிம்பு வழியாகத்தான் ஈரம் முதலில் ப்ளைவுட்டுக்குள் ஏறும்.