நாலு வருட விஞ்ச்சும் புதைந்துபோகும் ரோப்பும்

வெட்டிய மரக்கட்டையை இழுக்க டிராக்டர் விஞ்ச், அதாவது டிராக்டரின் பின்னால் மாட்டி இரும்புக் கம்பி ரோப்பைச் சுற்றி இழுக்கும் இயந்திரம், வாங்கலாமா என்று நண்பர் கேட்டு மூன்று நாளாகிறது. கேட்ட நேரம்தான் சரியில்லை. அப்போதுதான் என் விஞ்ச்சின் கிளட்ச் தகட்டை மாற்றி, நசுங்கிப்போன ரோப்பில் மூன்று மீட்டரை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளங்கையில் ஏறிய கம்பித் துணுக்கை ஊசியால் நெம்பிக்கொண்டிருந்தேன். அன்றே பதில் சொல்லியிருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும்.

என்னிடம் இருப்பது டிராக்டரின் பின்னாலுள்ள மூன்று புள்ளி இணைப்பில் மாட்டி, நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும் பிடிஓவில் (டிராக்டர் எஞ்சின் சுழற்றும் பின்பக்கத் தண்டு) ஓடும் சாதாரண வகை. மற்ற விவரமெல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒன்று மட்டும்: விவரத்தில் போட்டிருக்கும் இழுவைத் திறன் பெரும்பாலும் டிரம், அதாவது ரோப் சுற்றும் உருளை, வெறுமையாக இருக்கும்போது கிடைப்பது. ரோப் சுற்றச் சுற்ற டிரம் பருக்கும், இழுவை இறங்கும். கடைசிச் சில மீட்டரில் இயந்திரம் திணறினால் பழுது என்று பதறாதீர்கள்.

இதற்கு முன் என்னிடம் சங்கிலிதான் இருந்தது. கட்டையின் மூக்கு மண்ணை உழுதுகொண்டே வருகிறதே, கொஞ்சம் தூக்கலாம் என்று ஒருநாள் சங்கிலியை மூன்று புள்ளி இணைப்பின் மேல்புள்ளியான டாப் லிங்க்கின் ஆணியில் மாட்டினேன். கட்டை ஒரு வேரில் முட்டி நின்றது, டிராக்டர் நிற்கவில்லை. முன்சக்கரம் இரண்டும் ஒரு முழத்துக்கு எழும்பிவிட்டன. கிளட்சை மிதித்தது நான் யோசித்து அல்ல. கால் தானாக மிதித்தது. பின் அச்சுக்கு மேலே எங்கே மாட்டி இழுத்தாலும் டிராக்டர் மல்லாக்க விழத்தான் பார்க்கும். மீள முடியாத கோணத்துக்குப் போக முக்கால் விநாடி போதும். ‘பார்த்து ஓட்டிக்கொள்ளலாம்’ என்ற பேச்சே அங்கே செல்லாது. சங்கிலியோ ரோப்போ, டிராபாரில் (டிராக்டரின் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பி), அச்சுக்குக் கீழேதான் மாட்ட வேண்டும். வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுபவரை நசுக்காமல் காக்கும் இரும்புச் சட்டம் தலைக்கு மேல் இருக்க வேண்டும், சீட் பெல்ட்டும் போட்டிருக்க வேண்டும். ஸ்வீடன் புது டிராக்டர்களுக்கு அந்த இரும்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது 1959இல். அந்த இரும்புச் சட்டமே இல்லாத பழைய வண்டியில் இன்றைக்கும் மரம் இழுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அந்த வகையில் விஞ்ச்சுக்கு நான் கடன்பட்டவன். டிராக்டர் கெட்டித் தரையிலேயே நிற்கும். விஞ்ச்சின் இரும்புப் பின்தட்டை இறக்கி மண்ணில் ஊன்றினால் வண்டி நகராது. சரிவில் கிடக்கும் கட்டைதான் நம்மிடம் வர வேண்டும். நாற்பது சென்டிமீட்டர் விட்டம், நாலு மீட்டர் நீளம் என்றால் அரை கன மீட்டர். பச்சை மரமாக இருந்தால் அரை டன்னை ஒட்டி வரும். அது புதரை விலக்கிக்கொண்டு வந்து தட்டில் மூக்கை ஏற்றும் காட்சி எனக்கு இன்னும் அலுக்கவில்லை. பிறகு கட்டையைச் சுற்றி இறுகியிருக்கும் சுருக்குச் சங்கிலியைத் தட்டின் பள்ளத்தில் மாட்டி, ரோப்பைத் தளர்த்தி, ஹைட்ராலிக்கில் தேவையான அளவு மட்டும் தூக்கி, மெதுவாகப் போகலாம். பட்டையில் மண் ஏறாததால் ரம்பச் சங்கிலியை அரம் போடும் வேலை பாதியாகக் குறைந்தது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

இனி அந்த ரோப். பாரமில்லாமல் சுற்றினால் டிரம்மில் தொளதொளவென்று படிகிறது. அடுத்து கனமான கட்டை வந்ததும், மேலே இறுகும் சுற்று அடியில் இருக்கும் தளர்ந்த சுற்றுகளைப் பிளந்து உள்ளே புதைந்துகொள்கிறது. மறுமுறை கொக்கியைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்குவேன். எட்டு மீட்டரில் ரோப் நின்றுவிடும். ஏறி வந்து, நுனியை ஒரு மரத்தில் கட்டி, டிராக்டரை அங்குலம் அங்குலமாக முன்னால் நகர்த்தி உருவ வேண்டும். இழுத்துக்கொண்டிருக்கும்போதே புதைந்த சுற்று ‘டங்’கென்று விடுபட்டால் இன்னும் மோசம், அரை டன் கட்டை ஒரு குலுங்கு குலுங்கும். பக்கவாட்டில் இழுத்தால் ரோப் ஒரே ஓரத்தில் குவிகிறது. அதற்காக மரத்தில் கப்பி கட்டித் திருப்பி இழுக்கிறேன். அந்தக் கோணத்துக்குள் யாரும் நிற்கக்கூடாது, நாயையும் கட்டிப்போட வேண்டும். ரோப் கப்பியைச் சுற்றி வந்த திசைக்கே முழுதாகத் திரும்பினால் கப்பி கட்டிய மரத்துக்கு இரட்டைப் பாரம்.

ரோப்பை டிரம்மில் வரிசையாகப் படியவைக்கும் ஒரு சாதாரண வழிகாட்டி உருளை வைத்திருந்தால் இதில் பாதி தொல்லை இருந்திருக்காது. கையேட்டில் இதைப் பற்றி ஒரே வரி: ‘கயிற்றைச் சீராகச் சுற்றவும்’. விற்றவரிடம் கேட்டால் “எல்லாருக்கும் இப்படித்தான் சார்” என்கிறார். நசுங்கிய இடத்தில்தான் இழையும் முதலில் அறுகிறது. ஒரு புரி கயிற்றை ஒருமுறை சுற்றிவரும் நீளத்துக்குள் ஆறு இழை அறுந்திருந்தால் ரோப்பை மாற்றிவிட வேண்டும் என்பது கணக்கு. நான் ஐந்து வரை எண்ணிவிட்டு வெட்டினேன்.

விஞ்ச்சின் கிளட்ச் தேய்ந்ததில் என் பங்கும் உண்டு. ரோப் ஒழுங்காகப் படியட்டும் என்று அந்தக் கிளட்சை இயக்கும் இழுகயிற்றைப் பாதி இழுத்துப் பாதி விட்டு ஓட்டுவது என் வழக்கம். தகடு வழுக்கிச் சூடேறித் தேயத்தானே செய்யும்? செயற்கை இழை ரோப் போடச் சொல்கிறார்கள். எடை குறைவு, கையில் குத்தாது, அறுந்தாலும் இரும்பு மாதிரி வீறிக்கொண்டு திரும்பி வராது, எல்லாம் சரி. ஆனால் கல்லில் உரசினால் தாங்காது, 150 டிகிரியை ஒட்டி உருகிவிடும். தளர்வாகச் சுற்றினால் இரும்பைவிட சுலபமாகப் புதையும். என் பிரச்சினைக்கு அது மருந்தில்லை.

ஆகவே நண்பரே, வாங்காதீர்கள். சமதளத்தில் வருடத்துக்குப் பத்துக் கட்டைதான் என்றால் டிராபாரும் நல்ல சங்கிலியும் போதும். என்னுடையதை இரவல் கேட்பதாக இருந்தால் அடுத்த வாரம் கேளுங்கள். சரிவில் இன்னும் ஏழு கட்டை கிடக்கிறது.