மிஸ்டர் ஃப்ராஸ்டி: எட்டு மாத டெக்னீஷியன் அனுபவத்தில்

சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் செல் பயாலஜி லேப்பில் டெக்னீஷியனாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. பி.எஸ்சி. முடித்ததும் கிடைத்த முதல் வேலை. மீடியம் கலப்பது, ஆட்டோகிளேவ் போடுவது, இன்குபேட்டர் தட்டில் தண்ணீர் மாற்றுவது எல்லாம் என் பொறுப்பு, அதெல்லாம் சீக்கிரமே கைக்கு வந்துவிட்டது. செல்களை உறைய வைத்துப் பத்திரப்படுத்தும் வேலை மட்டும் முதல் இரண்டு மாதம் தூக்கத்தைக் கெடுத்தது. அதைத் தீர்த்து வைத்தது தெர்மோ சயின்டிஃபிக்கின் நால்ஜீன் பிராண்டில் வரும் மிஸ்டர் ஃப்ராஸ்டி என்கிற டப்பா.

அதுவரை எங்களிடம் தெர்மோகோல் பெட்டிதான். வயல்களை, அதாவது செல்கள் போட்ட சின்னக் குப்பிகளை, டிஷ்யூ பேப்பரில் சுற்றி, உள்ளே வைத்து, டேப் ஒட்டி, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் ராத்திரி முழுக்க விட்டுவிடுவோம். நிறைய பேர் இப்படித்தான் செய்கிறார்கள், சிலருக்கு நன்றாகவே வருகிறது. எனக்கு வரவில்லை. ஒரு தடவை ஹீலா செல்கள் (லேப்களில் வளர்க்கிற மனிதப் புற்றுநோய் செல்கள்) பன்னிரண்டு வயல் போட்டேன். பத்து நாள் கழித்து ரிசர்ச் ஸ்காலர் அக்கா ஒன்றை எடுத்து 37 டிகிரி வாட்டர் பாத்தில் உருக்கி, ட்ரைபான் ப்ளூ கலந்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். உயிரோடு இருக்கிற செல் அந்தச் சாயத்தை உள்ளே விடாது, செத்தது நீலமாகிவிடும். கட்டம் முழுக்க நீலம். "நீயே வந்து பாரும்மா" என்றார். திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

எல்லாம் குளிரும் வேகத்தில் இருக்கிறது. சட்டென்று குளிர்ந்தால் செல்லுக்குள்ளேயே பனிப் படிகம் உருவாகிக் கிழித்துவிடும். ரொம்ப மெதுவாகப் போனால் தண்ணீர் அளவுக்கு மேல் வெளியேறி உப்பு செறிந்து கெடுத்துவிடும். பெரும்பாலான பாலூட்டிச் செல்களுக்கு நிமிடத்துக்கு 1 டிகிரி சரியான வேகம். உறைய வைக்கும்போது கலக்கிற டிஎம்எஸ்ஓ என்ற திரவம் செல்லைக் காப்பாற்றும் என்பது 1959-லிருந்தே தெரிந்த விஷயம், ஆனால் வேகம் தப்பினால் அது மட்டும் போதாது. தெர்மோகோலில் பெட்டியின் கனம், ஃப்ரீசரில் வைத்த இடம், எத்தனை வயல் என்று எது மாறினாலும் வேகமும் மாறிவிடும்.

மிஸ்டர் ஃப்ராஸ்டியில் கரண்டே வேண்டாம். கீழே ஒரு ஜாடி, அதில் கோடு வரை 250 மில்லி ஐசோபுரோப்பனால் என்ற ஆல்கஹால், அதற்கு மேல் 18 வயல் நிற்கும் தாங்கி, நீல மூடி. அவ்வளவுதான். ஐசோபுரோப்பனால் உறைவது மைனஸ் 89-ல், அதனால் மைனஸ் 80-லும் திரவமாகவே இருந்து, சுற்றியுள்ள எல்லா வயலையும் ஒரே மாதிரி மெல்லக் குளிர வைக்கிறது. இதில் போட்ட முதல் பேட்ச்சை உருக்கிப் பார்த்த அன்று, நூற்றுக்குத் தொண்ணூறு செல்லுக்கு மேல் நிறம் ஏறாமல் உருண்டையாக மினுமினுத்தன. இரண்டாவது தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அக்காவைக் கூப்பிட்டேன்.

கவனமாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. ஐந்து தடவை பயன்படுத்தியதும் ஆல்கஹாலை மாற்றியாக வேண்டும், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். லேப்பில் நாலு பேர் எடுக்கிற பொருள் என்பதால் யாருக்கும் கணக்கு நினைவிருக்காது. மூடியில் வெள்ளை டேப் ஒட்டி ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடச் சொல்லியிருக்கிறேன். பழைய ஆல்கஹாலை சிங்க்கில் ஊற்றாதீர்கள், சால்வென்ட் கழிவு கேனில்தான் போக வேண்டும். அப்புறம் டப்பா அறை வெப்பநிலைக்கு வந்த பிறகுதான் அடுத்த பேட்ச், ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு போட்டால் வேகம் தப்பும். மார்க்கரில் பெயர் எழுதினால் ஆல்கஹால் பட்ட கைவிரல் தேய்த்தாலே போய்விடும், வயலின் வெள்ளைப் பட்டையில் பென்சிலால் எழுதுங்கள்.

விலை ஒரு பிளாஸ்டிக் ஜாடிக்கு அதிகம்தான். ஆனால் ஒரு செல் லைனை (லேப்பில் தொடர்ந்து வளர்க்கிற ஒரே வகைச் செல்களை) மறுபடி வாங்கிச் செலவழிப்பதோடு ஒப்பிட்டால், புதிதாகத் தொடங்கும் எந்த லேப்பும் முதல் பட்டியலிலேயே சேர்க்க வேண்டிய பொருள் என்பேன். ஆல்கஹாலே தேவைப்படாத கூல்செல் என்ற வகையும் கிடைக்கிறது, மாற்றுகிற வேலை பிடிக்காதவர்கள் அதைப் பார்க்கலாம்.

வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மறுநாள் காலையிலேயே வயல்களை திரவ நைட்ரஜனுக்கு மாற்றிவிடுங்கள். மைனஸ் 80-ல் வாரக்கணக்கில் மறந்து விட்டால் இந்த டப்பா செய்த வேலை வீண்.