எல்லையில்லாததை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

பவுண்ட்லெஸ், அன்லிமிடெட், இன்ஃபினிட், எண்ட்லெஸ். நான்குக்கும் அகராதி ஏறக்குறைய ஒரே பொருளைத்தான் தருகிறது. ஆனால் வாக்கியத்தில் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் இடிக்கும்.

அன்லிமிடெட் பெரும்பாலும் அனுமதியைப் பற்றிய சொல். யாரோ வரம்பு விதித்திருக்கலாம், விதிக்கவில்லை. அதனால் ஒப்பந்தம், கட்டணம், சட்டம் எல்லாவற்றுக்கும் இதுதான் சரி. அன்லிமிடெட் லயபிலிட்டி உள்ள தொழிலில் கடன் அடையாவிட்டால் உரிமையாளரின் சொந்தச் சொத்தும் போகும். சொல் சொன்னபடி நடந்துகொள்கிறது. மொபைல் திட்டங்களில் அப்படி இல்லை. தினசரி டேட்டா தீர்ந்ததும் வேகத்தை 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்கிவிட்டு, அதையும் அன்லிமிடெட் என்பது எனக்கு ஏற்புடையதே அல்ல. அளவில் இல்லாத வரம்பு வேகத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அன்பு, ஆர்வம், உற்சாகம் என்று வந்தால் பவுண்ட்லெஸ்தான் என் தேர்வு. இதை யாரும் அனுமதிக்க வேண்டியதில்லை, அளக்கவும் வேண்டியதில்லை. குழந்தையின் ஆர்வத்தை அன்லிமிடெட் என்றால் கடை விளம்பரம் போல ஒலிக்கும்.

இன்ஃபினிட் கணக்கின் சொல். அதற்கான படுத்த எட்டுக் குறியை 1655இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜான் வாலிஸ் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். முடிவில்லாததும் விளிம்பில்லாததும் ஒன்றல்ல என்பது இங்கேதான் தெளிவாகிறது. பூமியின் பரப்பு சுமார் 51 கோடி சதுர கிலோமீட்டர், அதாவது அளவு உண்டு. ஆனால் எவ்வளவு நடந்தாலும் விளிம்பு வராது. 1917இல் ஐன்ஸ்டைன் முன்வைத்த பிரபஞ்ச மாதிரியும் இப்படித்தான்: கன அளவு உண்டு, விளிம்பு கிடையாது. இதற்கு நேர்மாறானதும் உண்டு. 0, 1 என்ற இரண்டு எல்லைகளுக்குள் அடங்கிய எண்கள் எண்ணி முடியாதவை. பேச்சு வழக்கில் 'மிக அதிகம்' என்பதற்கும் இன்ஃபினிட் ஓடுகிறது, தவறில்லை. அறிவியல் எழுதும்போது மட்டும் கவனம் தேவை.

எண்ட்லெஸ் காலத்தோடு ஒட்டியது, பல இடங்களில் சலிப்போடும். எண்ட்லெஸ் மீட்டிங், எண்ட்லெஸ் க்யூ என்பதே வழக்கம். ஒருவர் உரையைப் பாராட்ட எண்ட்லெஸ் என்று எழுதினால் அவர் மனம் புண்படும்.

அப்புறம் உச்சரிப்பு: ஃபைனைட் (அளவுள்ளது) என்பதற்கு முன் இன் சேர்ந்தால் இன்ஃபைனைட் ஆகாது. இன்ஃபினிட், அழுத்தம் முதல் அசையில். இன்ஃபினிடெசிமல் என்றால் பிரம்மாண்டம் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள்; அதற்குப் பொருள் மிக மிகச் சிறியது.