தூசித் துகளில் தொடங்கும் கதை: ஒரு கோளரங்கக் காட்சி

உயிருக்கான மூலக்கூறுகள் விண்வெளியில் எப்படி உருவாகின்றன என்று சொல்லும் இந்தக் காட்சியில் எனக்கு ரொம்பப் பிடித்தது, விண்வெளியில் மிதக்கும் ஓர் ஒற்றைத் தூசித் துகள்தான். மைனஸ் 263 டிகிரி குளிரில் அதன்மேல் கார்பன் மோனாக்சைடு பனியாக ஒட்டிக்கொள்ள, ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து முதலில் ஃபார்மால்டிஹைடு, அப்புறம் மெத்தனால் என்று மாறுவதை அவசரப்படாமல் கூரை முழுக்க விரித்துக் காட்டுகிறார்கள். உயிருக்கான மூலக்கூறுகளைச் சுமந்துகொண்டு 1969-இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லும் வருகிறது. பென்னு சிறுகோளின் மண்ணில், உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 இருந்தன என்றபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

குறை என்றால், புற ஊதாக் கதிரை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பனிக்குள் மூலக்கூறுகளை உடைத்துப் புதிதாகச் சேரவைப்பதே அதுதானே, இன்னும் ஐந்து நிமிடமாவது கொடுத்திருக்கலாம். குழந்தைகளோடு போங்கள், பின்வரிசையில் உட்காருங்கள், கழுத்து வலிக்காது.