டிரைவிங் ஸ்கூல் வண்டியா, வீட்டு வண்டியா? கிளட்ச் எதில் பழகும்?

டிரைவிங் ஸ்கூலில் பழகி லைசென்ஸ் வாங்கிய பிறகு, வீட்டு வண்டியை நான் தனியாக எடுத்த முதல் நாளே மேம்பால ஏற்றத்தில் மூன்று முறை ஆஃப் ஆனது. பின்னால் பஸ்காரர் ஹாரனை விடவே இல்லை.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். நான் கிளட்சைப் படக்கென்று விட்டபோதெல்லாம் அவர் கால் தாங்கிப் பிடித்திருக்கிறது. நான் ஓட்டியதாக நினைத்ததில் பாதி அவர் ஓட்டியது.

ஆனாலும் நெரிசலான சாலையில் அந்த இரண்டாவது பிரேக்குக்கு ஈடு கிடையாது. வீட்டு வண்டியில் பக்கத்தில் இருக்கும் சித்தப்பா கைக்கு எட்டுவது ஹேண்ட் பிரேக் மட்டும்தான். சில புது வண்டிகளில் அதுவும் பட்டனாகிவிட்டது. அவர் பதறிச் சத்தம் போட்டால் ஓட்டுபவர் கால் இன்னும் தடுமாறும். அதனால் சாலைக்கு ஸ்கூல் வண்டிதான் என்பேன். கார் பயிற்சிக்குக் குறைந்தது 21 நாள், அதில் 10 மணி நேரம் ஓட்ட வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. சேரும்போதே தினமும் எத்தனை நிமிடம் ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும் என்று கேளுங்கள். பின் சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது கணக்கில் வராது.

கிளட்சுக்கு மட்டும் வீட்டு வண்டியும் காலி மைதானமும். எல்.எல்.ஆர்., எல் போர்டு, பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் மூன்றும் இருக்கட்டும். சமதரையில் முதல் கியர் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மெல்ல மெல்ல விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் கம்மி, வண்டி லேசாக அதிரும். கிளட்ச் பிடிக்கும் இடம் அதுதான். அங்கேயே ஒரு நொடி நிறுத்தி, மறுபடி அமுக்குங்கள். இருபது முப்பது தடவை செய்தால் அந்த இடம் காலுக்குத் தானாகத் தெரியும். அப்புறம் சின்ன ஏற்றத்தில், ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, அதே இடம் வந்ததும் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து, பிரேக்கை விடுங்கள். ஒன்று, டீசல் வண்டி ஆக்ஸிலேட்டர் இல்லாமலே சுலபமாக நகரும். பெட்ரோல் வண்டி அந்த அளவு பொறுக்காது. எதை ஓட்டப் போகிறீர்களோ அதிலேயே பழகுங்கள்.

நான் சொல்லும் வரிசை இது: முதல் வாரம் ஸ்கூல், வார இறுதியில் மைதானம், மறுபடி ஸ்கூல். அப்போது மாஸ்டரிடம் கேளுங்கள்: "சார், கிளட்சிலிருந்து காலை எடுத்துடுங்க. ஆஃப் ஆனா ஆகட்டும், நானே எடுக்கறேன்."